ஆடாத முள்

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் அதை ரெசினுக்குள்தான் தேட வேண்டும். என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர் இரண்டு, எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி, பக்கத்து வீட்டு சைக்கிள் பெல்லின் மூடி எல்லாம் அதற்குள் உறைந்து கிடக்கின்றன. கடைசியாகப் போனது என் காந்தம்.

நான் பவானி. ஜாக்கெட் தைக்கிறவள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று எப்போதும் என் தையல் மெஷின் மேல் இருக்கும். தரையில் குண்டூசி சிதறினால் அதைக் காட்டித்தான் பொறுக்குவேன். குனிந்து ஒவ்வொன்றாக எடுக்க என் இடுப்பில் தெம்பில்லை. ஒரு புதன்கிழமை அதைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டேன். என் வீட்டுக்காரர் மணவாளனும் கூடவே தேடினார். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தெல்லாம் பார்த்தார். அந்த நடிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. கடலூர் முதுநகரில் ஃபைபர் போட்டுகளுக்கு, ஊற்றினால் கல்லாக இறுகுகிற ரெசின் பசையைப் பூசி ஒட்டுப் போடுகிறவர். அவர் பூசிய இடம் மறுபடி விட்டதாக யாரும் திரும்பி வந்ததில்லை. அப்படி ஒழுங்காக இருந்த மனுஷன், போன கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காகச் சிதம்பரம் போனார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜ் வாசலில் ‘கிரிஸ்டல் சக்தி, ஒருநாள் பயிற்சி’ என்று பேனர் தொங்கியிருக்கிறது. கல்யாணச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு மாடியேறிவிட்டார்.

அங்கே தட்சிணாமூர்த்தி சார் என்று ஒருவர். ரெசினில் உலோகத் தூளையும் ஸ்படிகக் கல்லையும் போட்டுப் பிரமிடாக உறைய வைத்தால் அதற்குப் பெயர் ஆர்கோனைட்டாம். கெட்ட சக்தியை இழுத்துக்கொண்டு நல்ல சக்தியை வெளியே விடுமாம். வகுப்புக்கு வந்த மற்றவர்களுக்கு ரெசின் எங்கே கிடைக்கும் என்றே தெரியாது. இவரிடம் இரண்டு டிரம் இருந்தது. அங்கே பிடித்தது எனக்குச் சனி.

“பவானி, அவுங்கல்லாம் ஆன்லைன்ல ஆர்டர் போட்டுக் காத்துக் கெடக்கணும். நமக்கு எல்லா சாமானும் வீட்லயே இருக்குது. லேத்துப் பட்டறையில இரும்புச் சுருள சும்மாவே அள்ளிக்கலாம்.”

“அள்ளிக்கினு வந்து இன்னா பண்ணப் போறீங்க?”

“நீ பாரு.”

பார்த்தேன். முதல் பிரமிடை என் துணி ஊறவைக்கும் பக்கெட்டில் ஊற்றினார். ரெசினை மெல்லிசாகத்தான் பூசவேண்டும், மொத்தமாக ஊற்றினால் சூடேறிப் பிளந்துவிடும் என்று வேலைக்கு வருகிறவர்களைத் தலையில் அடித்துத் திட்டுகிற ஆள் இவர். நான் அதைச் சொன்னால், “அது போட்டு, இது ஆர்கோனைட்டு, ரெண்டும் ஒன்னா?” என்றார். கால் மணி நேரத்தில் பக்கெட் இளகிப் புகை கக்கியது. என்னிடம் தைக்கக் கொடுத்திருந்த கல்யாணப் பெண் ப்ரீத்தியின் முகூர்த்த ஜாக்கெட் கொடியில் தொங்கியது, அதில் அந்த நாற்றம் ஏறிவிட்டது. மூன்று தண்ணீர் அலசியும் போகவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் நின்று கத்தியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. இவர் உள்ளே உட்கார்ந்து, பிளந்த பிரமிடைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கெட்ட சக்தி ஜாஸ்தி இருந்திருக்கு, அதான் தாங்கல” என்றார்.

அப்புறம் கை படிந்துவிட்டது. ஃபிரிட்ஜுக்குள் ஒன்று, பால் கெடாதாம். கேஸ் சிலிண்டர் மேல் ஒன்று. முருங்கை மரத்தடியில் ஒன்று புதைத்தார். அந்த வாரமே மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. என் தலையணைக்கு அடியிலும் ஒன்று வைத்துவிட்டு மறுநாள் காலையில் பல்கூடத் துலக்காமல் வந்து கேட்கிறார், “தலவலி போச்சா?” என்று.

“எனக்குத் தலவலியே நீங்கதான். நீங்க எங்க போவீங்க?” என்றேன்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரைக்கும் என் தலையெழுத்து என்று இருந்துவிட்டேன். என் தம்பி இளவரசு விஷயத்தில்தான் என்னால் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அப்போது இவனுக்கு ஆறு வயது. அம்மா மீன் விற்கப் போய்விடுவாள், இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். இவனாவது படித்துக் கரையில் ஒரு வேலைக்குப் போவான் என்று பார்த்தேன். அவனும் கடலையே கட்டிக்கொண்டான். ஒரு ஃபைபர் போட்டு, கூட்டாளி அய்யனார் ஒருவன், அவ்வளவுதான் அவன் ஆஸ்தி. அவன் போட்டு கரையேறும் வரைக்கும் தினமும் கடல் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டேதான் தைப்பேன்.

“அவன் போட்டுல மட்டும் இந்தக் கருமத்த வெக்காதீங்க” என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. “கடல் இன்னா என் தையல் ரூமா, நீங்க வெளையாடறதுக்கு?” என்றேன்.

சரி சரி என்று தலையாட்டினார். நான் துணி வாங்கப் போன நேரம் பார்த்து மாமனும் மச்சானும் சேர்ந்து வைத்துவிட்டார்கள். போட்டின் பின்பக்கம், என்ஜினைப் பிடித்து ஓட்டுகிறவன் உட்காருமிடத்துக்கு எதிரே ஒரு மரப்பெட்டி உண்டு. திசை பார்க்கிற காம்பஸ் அதன் மேல்தான் இருக்கும். அதை ஒட்டியே பிரமிடை வைத்து, ரெசின் ஊற்றிப் பெட்டியோடு பெட்டியாக ஒட்டிவிட்டார்.

மறுநாள் இளவரசு ஒரு பை நிறைய சங்கரா மீனோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, மாமா வெச்ச கல்லு சூப்பர்க்கா. மின்னெல்லாம் காம்பஸ்ல முள்ளு அலைக்கு ஆடிக்கினே கெடக்கும். கல்லு வெச்சதுலேந்து ஆடவே மாட்டேங்குது. அப்படியே ஸ்டெடியா நிக்குது!”

“எனர்ஜி பேலன்ஸ் ஆயிடுச்சு மச்சான்” என்றார் இவர், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். “ரெண்டு பேரும் சேந்து என்னக் கேனச்சியாக்கிட்டீங்க இல்ல?” என்று கத்திவிட்டு மீனை அலசப் போய்விட்டேன்.

தை மாதம் பிறந்து ஐந்தாறு நாள் இருக்கும். விடியும்போதே பனி இறங்கிவிட்டது. வாசலில் நின்றால் எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. கருக்கலில் கடலுக்குப் போன போட்டுகள் எல்லாம் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எட்டு, எட்டரைக்குக் கரை சேர்ந்தன. இளவரசு வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பத்துக்குப் பனி விலகி வெயில் வந்தது. கடல் முழுக்கத் தெரிந்தது. அவன் போட்டு எங்கேயும் இல்லை.

நான் கரையில் நின்றேன். ராஜமாணிக்கம் அண்ணன் எங்கள் குப்பத்தில் மூன்று போட்டு வைத்திருக்கிறவர். அவர் இரண்டு போட்டைத் தேட அனுப்பினார். தம்பிக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தில் இவர் நின்று, “ஒன்னும் ஆவாது பவானி, கல்லு இருக்குது” என்றார்.

“வாய மூடு” என்றேன். பதினெட்டு வருஷத்தில் அவரை ஒருமையில் சொன்னது அதுதான் முதல் தடவை.

பகல் இரண்டு மணிக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து போன் வந்தது. வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் மணல் திட்டில் அலை அடித்துப் போட்டு கவிழ்ந்துவிட்டதாம். இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறது, இளவரசுக்குக் கை முறிந்திருக்கிறது, சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் இவர் தொடங்கினார்.

“பாத்தியா பவானி, எவ்ளோ பெரிய கண்டம்! கையோட போச்சு. கல்லு இல்லாங்காட்டி இன்னா ஆயிருக்கும்?”

“யோவ், வழி தவறினதே எப்படின்னு தெரியல. முப்பது கிலோமீட்டர் தெக்கால போய்க் கெடக்கறான். உன் கல்லு இன்னா புடுங்கிக்கினு இருந்துது?”

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். “கொஞ்சம் மெதுவாம்மா” என்றார். “உங்க வூட்லயும் ஒரு கல்லு வெச்சுப் பாருங்க, அப்பறம் மெதுவா பேசுவீங்களான்னு பாக்கறேன்” என்று அவரிடமும் பாய்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் இளவரசின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், “அழாதக்கா, ஒன்னும் இல்ல” என்றான். அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன், பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டேன். கட்டிலுக்குக் கீழே அய்யனார் உட்கார்ந்திருந்தான். அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவன் பக்கத்தில் அந்த மரப்பெட்டியின் மூடி கிடந்தது. பலகை பிய்ந்து வந்திருந்தாலும் அதில் காம்பஸும் பிரமிடும் ஒட்டினது ஒட்டினபடி இருந்தன.

“இதப் புடிச்சிக்கினுதான் கரை ஏறினேன்க்கா” என்றான் அய்யனார். “என்ஜின் போச்சு, வலை போச்சு. இது மட்டும் வந்துச்சு.”

இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், எனக்கு அந்தப் பலகையாலேயே ஒரு போடு போடலாம் போல இருந்தது.

“எப்படிடா வழி தவறின?” என்று தம்பியைக் கேட்டேன்.

“ஜிபிஎஸ்ல பேட்டரி தீந்துடுச்சுக்கா. வேற எடுத்துக்கினு போவல. போன்லயும் சார்ஜ் இல்ல. சரி, காம்பஸ் இருக்குதேன்னு மேற்க பாத்து ஓட்டினோம். ஒரு மணி நேரத்துல கரை வந்திருக்கணும். ரெண்டு மணி நேரம் ஓட்டியும் வரல. டீசலும் தீந்துச்சு, தண்ணி தெக்கால இழுத்துக்கினு போச்சு.”

“மேற்க பாத்துத்தான் ஓட்டினியா?”

“ஆமாக்கா. முள்ளு ஆடவே இல்லியே. போட்டு எப்படித் திரும்பினாலும் முள்ளு அதே எடத்துலதான் நின்னுச்சு.”

சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். நான் பலகையைத் தூக்கிக் கட்டிலின் மேல் வைத்தேன். மெதுவாக ஒரு சுற்று சுற்றினேன். ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம், சுவர்ப் பக்கம். எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் பிரமிடையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் காம்பஸுக்கு உலகத்தில் இருந்த ஒரே திசை அந்தப் பிரமிடுதான்.

என் தாலிச் சரட்டில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். ஒன்றைக் கழற்றிப் பிரமிடின் அடியில் கொண்டுபோனேன். கையை விட்டு இழுத்துக்கொண்டு போய் ‘டக்’கென்று ஒட்டியது.

“என் காந்தம்” என்றேன்.

இவர் ஊக்கையே பார்த்தார். அதைப் பிய்த்து எடுத்தார், கிட்டே கொண்டுபோனார், மறுபடி ஒட்டியது. மூன்றாவது தடவையும் செய்து பார்த்தார். அப்புறம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“காந்தம் போடணும்னு சாரு சொல்லவே இல்ல” என்றார் மெல்ல. “நானேதான் போட்டேன். பவர் ஜாஸ்தி ஆவும்னு.”

எவ்வளவோ திட்டலாம் என்று பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஊக்கைப் பிய்த்து மறுபடி சரட்டில் மாட்டிக்கொண்டேன். இளவரசு இடது கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டு, “விடு மாமா, உயிரு இருக்குதே” என்றான்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “பவானி, இன்னும் ஒம்போது போட்டுல வெச்சிருக்கேன்.”

“இன்னாது?”

“இவனுக்கு முள்ளு ஆடலன்னதும் ஆளாளுக்குக் கேட்டாங்க. காயலான் கடையில ஸ்பீக்கர் காந்தம் வாங்கியாந்து செஞ்சேன். எல்லாம் காம்பஸ் பக்கத்துலதான். நாளைக்கிக் கருக்கல்ல போவாங்க. நாளைக்கும் பனி இறங்கும்.”

ஒன்பது போட்டு என்றால் பதினெட்டு இருபது பேர். ஒவ்வொருத்தனுக்கும் என்னைப்போல் கரையில் நிற்க ஒருத்தி இருப்பாள். “போடுங்க போன” என்றேன்.

முதலில் ராஜமாணிக்கம் அண்ணனுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணே, மணவாளன் பேசறேன். அந்தக் கல்ல எடுத்து வெச்சிடுண்ணே, நான் வந்து வாங்கிக்கறேன். தப்பு பண்ணிட்டேன். அது காம்பஸைக் கெடுக்குது.”

“இன்னா மணவாளா, உம் மச்சான் உசுரு பொழைச்சதே உங்கல்லாலதான்னு இங்க ஊரே பேசுது. அதப் புடிச்சிக்கினுதான் கரை ஏறினாங்களாமே! இப்ப வந்து எடுத்துடுன்ற?”

“இல்லண்ணே, உள்ள காந்தம் இருக்குது...”

“இருக்கட்டுமே. காலையிலேந்து பத்துப் பேரு கேட்டாச்சு, எங்களுக்கும் ஒன்னு செஞ்சு தருவாரான்னு. நீ வேற எவனுக்கோ குடுக்கறதுக்காக எங்ககிட்டேந்து திருப்பி வாங்கற. எனக்குத் தெரியாதா?” என்று வைத்துவிட்டார்.

அடுத்தவர் சிரித்தார். அதற்கடுத்தவர், “கல்லு வெச்சதுலேந்து ரெண்டு நாளு நல்ல மீன்பாடு, நீ கண்ணு வெக்காத” என்றார். நாலாமவர் போனையே எடுக்கவில்லை. இத்தனை நாளும் நம்பு நம்பு என்று ஊர் ஊராகச் சொன்ன மனுஷன், நம்பாதீர்கள் என்று கெஞ்சினால் ஒருவரும் கேட்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. அவர் மேல், ஊர் மேல், அந்த லாட்ஜ் சார் மேல், என் காந்தத்தின் மேலேயே. போனைப் பிடுங்கி ராஜமாணிக்கம் அண்ணனுக்கு மறுபடி போட்டேன்.

“அண்ணே, பவானி பேசறேன். அவருக்குச் சரியாச் சொல்லத் தெரியல. கல்ல யாரும் எடுக்க வேணாம்.”

“அதானே!”

“எடத்த மட்டும் மாத்தணும். பின்னால இருந்ததாலதான் எந்தம்பிக்குக் கண்டம் வந்துச்சு. கல்லு மின்னால, அணியத்துலதான் இருக்கணும். போட்டுக்கு வழி காட்டற எடத்துல. இன்னிக்கே மாத்திடணும், பொழுது எறங்கறதுக்குள்ள. இல்லாங்காட்டி எதிரா வேலை செய்யும்.”

“யாரு சொன்னா? சிதம்பரத்து சாரா?” என்றார்.

“ஆமாண்ணே” என்றேன். என் வாய் கூசியது. “இன்னொன்னும் இருக்குது. கல்லுக்குப் பக்கத்துல ஒரு டப்பாவுல, ஜிபிஎஸ்ல போடற பேட்டரி ரெண்டு, புதுசா வெக்கணும். ஜிபிஎஸ்ல தீந்துபோனா அந்த ரெண்ட எடுத்துக்கலாம், ஆனா கரைக்கு வந்ததும் வேற வெச்சிடணும். காலியா இருக்கவே கூடாது.”

“அது எதுக்கும்மா?”

“கல்லுக்குப் படையல்.”

“அப்படிச் சொல்லு! இத அவன் மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? மத்தவங்களுக்கும் நானே சொல்லிடறேன்.”

ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது போட்டிலும் கல் முன்பக்கத்துக்குப் போய்விட்டது. சந்தனம், குங்குமம் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஒரு போட்டோவில் பேட்டரிகளுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். நான் அதை இவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பவானி, நெசமாவே அணியத்துல வெச்சா பலன் ஜாஸ்தியா?”

கையில் இருந்த டீ கிளாஸை அவர் மேல் வீசாமல் இருந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொள்ள வேண்டும்.

தம்பியின் போட்டை இவரே ஒட்டித் தந்தார். மாசி முழுக்க வேறு வேலை எடுக்கவில்லை. அந்தப் பிரமிடை உளி வைத்து உடைத்து என் காந்தத்தையும் எடுத்துக் கொடுத்தார். ஊதாக் கல் சில்லு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை. இனிமேல் ரெசினால் போட்டைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்று எங்கள் ஊர்ப் பெரிய கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துச் சத்தியம் செய்தார். ஒரு பழைய காம்பஸை வைத்துக்கொண்டு ஊரில் எந்தப் போட்டில் எது எதை இழுக்கிறது என்று சோதித்துக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

பங்குனியில் கட்டுப் பிரித்த இளவரசு மறுபடி கடலுக்குக் கிளம்பினான். பொழுது சாய்கிற நேரம். போட்டைத் தள்ளுவதற்கு முன்னால் நானே ஏறிப் பார்த்தேன். பின்பக்கம் காம்பஸ் மட்டும் தனியாக இருந்தது, முள் ஒழுங்காக ஆடியது. முன்பக்கம் போனேன். அணியத்தில் ஒரு பிரமிடு, பொட்டோடு.

“டேய்!” என்று கத்தினேன். “ஊக்கு ஒட்டினத உங் கண்ணால பாத்தியேடா! நான் புளுவினது ஊருக்குத் தெரியாது, உனக்குமா தெரியாது?”

“தெரியும்க்கா.”

“அப்பறம் இன்னாத்துக்கு இது?”

அவன் வலையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். “அன்னிக்கிப் பனியில ஒன்னுமே தெரியலக்கா. வானம் தெரியல, தண்ணி தெரியல. அப்பா நெனப்பு வந்துடுச்சு. அப்ப அந்தக் கல்லத்தான் தொட்டுக்கினே இருந்தேன். அதாலதான் தப்பா போனோம், தெரியும். ஆனா ஒன்னும் இல்லாம என்னால போவ முடியலக்கா. உங்க ஃபிரிட்ஜுல இருந்த பழசுதான் இது. இதுல காந்தம் இல்ல, மாமாகிட்ட கேட்டுக்கினேன். வெறும் ரெசினுதான்.”

எனக்குத் திட்டத்தான் வந்தது. வாய் திறந்தால் வேறு ஏதோ வந்துவிடும் போல இருந்தது. குனிந்து கல்லுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். டப்பா இருந்தது. மூடியைத் திறந்தேன். பேட்டரி இரண்டும் புதுசு, மேல் உறைகூடப் பிரிக்கவில்லை.

மூடியை இறுக்கி வைத்துவிட்டு இறங்கி, அவனோடு சேர்ந்து போட்டைத் தள்ளினேன்.